தானாக முளைத்த மரக்கன்றுகளை நம் காட்டுக்குள்ளேயே இடம் மாற்றி நடுவது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மூலனூர்க்காடு
ஆகஸ்ட் 24

வணக்கம்ங்க. தாராபுரம் பக்கம் மூலனூர் அருகே எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. தாத்தா காலத்தில் கொரங்காடாக, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காடாக இருந்த நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். நாங்கள் வெளியூரில் இருந்த வருடங்களில் உழவும் இல்லை, ஆடும் சரியாக மேயவில்லை. இப்போது போய்ப் பார்த்தால் காடெங்கும் கன்று. கிணற்று மேட்டு வேப்பமரத்தடியில் வேப்பங்கன்று நாற்றங்கால் விட்டது போலக் கிடக்கிறது. வேலி ஓரம் உசிலை, வெப்பாலை, நுணா. நடுக்காட்டில் வெள்வேல். கிணற்றுச் சுவரில் ஒரு ஆல், ஒரு அரசு.

ஒன்றரை ஏக்கரை உழுது கம்பும் தட்டைச் சோளமும் போடவேண்டும் என்கிறார் அப்பா. அதற்குள் நிற்கும் கன்றுகளை டிராக்டரில் மடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வடக்கு வரப்பு மொட்டையாகக் கிடக்கிறது. அங்கே எடுத்து வைத்தால் பிழைக்குமா? எந்த உயரம் வரை எடுக்கலாம், எந்த மாதம், எவ்வளவு ஆழம் தோண்டுவது? நர்சரிக் கன்று வாங்கி வைக்க விருப்பமில்லை. சுண்ணாம்புக்கல் கலந்த இந்தச் சுக்கான் மண்ணில், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் வந்த செடிகள் இவை. அவற்றையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறேன்.


செம்மண்
ஆகஸ்ட் 24

நல்ல எண்ணம் தம்பி. தோண்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கன்றும் விதையில் வந்ததா, வேரில் வந்ததா என்று பாருங்கள். வேம்பு, வெள்வேல், வாகை மூன்றுமே பெரிய மரத்தின் பக்கவேரில் அடிபட்ட இடத்திலிருந்து துளிர்விடும். மேலே பார்த்தால் விதைக்கன்று போலத்தான் இருக்கும். கையால் அடிமண்ணை நாலு விரல் ஆழம் விலக்கிப் பாருங்கள். தண்டு நேராகக் கீழே இறங்கினால் விதைக்கன்று. விரல் கனத்தில் ஒரு வேர் கிடைமட்டமாகப் படுத்து, அதன் முதுகில் கன்று உட்கார்ந்திருந்தால் அது தாய்மரத்தின் உணவில் வளர்கிறது. அதற்கென்று சொந்த வேர் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அப்படியே பிடுங்கி நட்டால் ஒரு வாரம் பச்சையாக நின்று ஏமாற்றும், பிறகு கருகும்.

இன்னொன்று, குட்டையாக இருப்பதால் இளசு என்று எண்ணவேண்டாம். ஆடு கடித்துக் கடித்து முழங்கால் உயரத்திலேயே நிற்கும் வெள்வேலைத் தோண்டிப் பாருங்கள், கட்டைவிரலைவிடத் தடித்த ஆணிவேர் இறங்கியிருக்கும். மேலே ஒரு முழம், கீழே ஒரு ஆள் உயரம். அதை எடுக்க நினைக்காதீர்கள். அங்கேயே விட்டு, நல்ல தண்டாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டு, சுற்றி முள் வைத்து ஆட்டிடமிருந்து காப்பாற்றினால் போதும். உள்ளே இருக்கும் வேரின் பலத்தில் இரண்டு மழைக்குள் ஆள் உயரம் தாண்டும். நட்ட கன்று எதுவும் அந்த வேகத்துக்கு வராது.


நாற்றங்கால்
ஆகஸ்ட் 25

திண்டுக்கல் பக்கம் நாற்றுப்பண்ணை வேலையில் இருக்கிறேன். செம்மண் ஐயா சொன்னது முழுக்கச் சரி. விதைக்கன்றுகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் பகுதிக்கு மாதம்தான் முதல் விஷயம். ஆடிப்பட்டம் என்று சொல்லி ஆனி ஆடியில் மரம் பெயர்த்து நடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் எல்லாவற்றையும் உலர்த்தி எடுத்துவிடும். அத்தனை காற்றாலை அங்கே நிற்பது சும்மா இல்லை. வேர் அறுந்த செடிக்கு வெயிலைவிட அந்தக் காற்று மோசம். புரட்டாசி கடைசியில் காற்று அடங்கி, வடகிழக்குப் பருவமழை இரண்டு நல்ல மழை கொடுத்தபின், ஐப்பசியில் மூட்டமான நாளாகப் பார்த்து எடுங்கள். மழையில் ஊறிய மண் வேரோடு ஒட்டி வரும். காய்ந்த மண் உதிர்ந்துவிடும். நட்ட பிறகு கார்த்திகை வரை மழையே கவனித்துக்கொள்ளும்.

உயரம் பற்றிக் கேட்டீர்கள். வேம்பு, வெப்பாலை, நுணா எல்லாம் ஒரு சாணிலிருந்து முழங்கால் வரை தாராளமாக எடுக்கலாம். வெள்வேல், உசிலை, வன்னி போன்றவை ஒரு சாணுக்கு மேல் போனால் ஆணிவேர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இறங்கியிருக்கும், கஷ்டம். வேப்பமரத்தடியில் இரண்டு மூன்று இலையோடு நிற்கும் பொடிக்கன்றுகளை இப்போதே, மழை பெய்த மறுநாள் காலையில், குச்சியால் நெம்பி எடுத்து உயரமான பையில் ஏற்றிவிடுங்கள். ஆறு அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம் உள்ள பை. நிழலில் இரண்டு வாரம் வைத்து மெல்ல வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த ஐப்பசிக்கு நட ஆகும். பையில் ரொம்ப நாள் விட்டால் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். நடும்போது அந்தச் சுருளை வெட்டிவிடவேண்டும்.

முழங்கால் உயரக் கன்றுக்கு முன்னேற்பாடு இருந்தால் நல்லது. இப்போது ஆவணி. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கூரான மண்வெட்டியை நேராக இறக்கி, வட்டத்தில் பாதியை மட்டும் வெட்டி விடுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபாதி. வெட்டிய இடத்தில் சல்லிவேர் புதிதாகக் கிளம்பும். ஐப்பசியில் எடுக்கும்போது அந்தச் சல்லிவேர்தான் தாய்மண்ணைப் பிடித்து நிறுத்தும். தண்டின் அடிக்கனம் ஒரு அங்குலம் என்றால் மண்ணுருண்டை பத்து முதல் பன்னிரண்டு அங்குல விட்டம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அடியில் ஆணிவேரை இழுத்துப் பிய்க்காமல் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். பிய்ந்த வேர் அழுகும். உருண்டையை ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டி, தண்டைப் பிடித்துத் தூக்காமல், சாக்கைப் பிடித்துத் தூக்குங்கள்.


கிளுவைவேலி
ஆகஸ்ட் 26

எனக்கு இதில் வேறு கருத்து. கொரங்காட்டில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். காங்கேயம் மாட்டுக்கும் மேச்சேரி, மயிலம்பாடி ஆட்டுக்கும் இந்தப் பக்கம் மேய்ச்சல் கொடுப்பது கொரங்காடு. வெள்வேல் நிழல் மெல்லியது, அதன் கீழ் கொழுக்கட்டைப் புல் நன்றாக வரும். கோடையில் வேறு எதுவும் இல்லாதபோது காய் உதிர்த்து ஆட்டுக்குக் கொடுக்கும். அந்தக் காயைத் தின்ற ஆடு புழுக்கையோடு விதையைப் போடும், அது முளைக்கும். விதையின் கெட்டித்தோல் ஆட்டின் வயிற்றில்தான் இளகுகிறது. இப்படித் தானே வந்து நிற்கும் காட்டை எதற்கு உழுகிறீர்கள்? அந்த ஒன்றரை ஏக்கரிலேயே கன்றுகளை விட்டு, இருபது அடிக்கு ஒன்றாகக் கழித்து விட்டால், ஐந்தாறு வருடத்தில் உங்களிடம் நல்ல கொரங்காடு இருக்கும்.

ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் இதைத்தான் செய்தார்கள். 1980களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் அங்கே நாற்று நட்டு நட்டுத் தோற்ற பிறகு, வயலில் புதர் மாதிரி கிடந்ததெல்லாம் வெட்டப்பட்ட மரங்களின் கட்டைத் துளிர் என்று கண்டுகொண்டார். விவசாயிகள் அவற்றில் நல்ல தண்டுகளை மட்டும் விட்டு வளர்த்தார்கள். இருபது வருடத்தில் சுமார் ஐம்பது லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது. நடவே இல்லை. மரங்களுக்கு நடுவில்தான் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள். உங்கள் அப்பா விதைக்க நினைப்பதும் அதே கம்பும் சோளமும்தானே.


மூலனூர்க்காடு
ஆகஸ்ட் 27

கிளுவைவேலி அண்ணா, நீங்கள் சொல்வது மனதில் தைத்தது. ஆனால் அப்பாவுக்கு இரண்டு எருமை, நாலு மாடு. போன கோடையில் தீவனத்துக்குச் சோளத்தட்டு விலைக்கு வாங்கி ஓய்ந்துவிட்டார். டிராக்டர் திரும்ப இடம் வேண்டும். அப்பாவிடம் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறேன். செம்மண் ஐயா சொன்ன பழைய வேர் உள்ள வெள்வேல்களை வரிசையாகத் தெரிகிற இடங்களில் விட்டுவிடப் போகிறோம். உழவுச் சால் அவற்றை ஒட்டிப் போகும். உழவுப் பாதையில் சிக்கும் விதைக்கன்றுகளை மட்டும் வடக்கு வரப்புக்குக் கொண்டுபோவது. மேற்கே இரண்டரை ஏக்கர் கொரங்காடாகவே இருக்கும்.

நாற்றங்கால் அக்கா, ஒரு சந்தேகம். வரப்பில் ஒரு முழம் தோண்டினால் சுக்கான்கல் தட்டுகிறது. அங்கே குழி எப்படி எடுப்பது?


நாற்றங்கால்
ஆகஸ்ட் 27

சுக்கான் தட்டினால் பயப்படவேண்டாம். குழியை அகலமாக எடுங்கள், ஆழம் மண்ணுருண்டையின் உயரம் இருந்தால் போதும். குழிக்கு நடுவில் கடப்பாரையால் சுக்கானில் இரண்டு மூன்று துளை போடுங்கள். முதல்நாள் மாலை ஒரு குடம் ஊற்றிவிட்டுக் காலையில் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் வேரும் இறங்கும். தேங்கி நின்றால் அந்த இடத்தை விட்டு நாலடி தள்ளிப் பாருங்கள், சுக்கான் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது.

எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடுங்கள். குழியில் எரு, வண்டல் என்று நல்லதாகப் போட்டால் வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளி மண்ணுக்குள் போகாது. மக்காத எரு சூடும் கிளப்பும், கரையானையும் கூப்பிடும். சாக்கைக் குழிக்குள் விட்டு மூடாதீர்கள், அதுவும் கரையானுக்கு விருந்துதான். வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி மண்ணில் கலந்தால் நல்லது. தண்டும் வேரும் சேரும் இடம் பழைய மண்மட்டத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். எடுக்கும் முன் வடக்குப் பக்கம் தண்டில் ஒரு நூல் கட்டிவிட்டு, நடும்போது அதே பக்கம் வடக்கு பார்க்க வையுங்கள். தெற்கு வெயில் படாத பட்டை வெயிலில் வெந்து போகாமல் இருக்கும்.


வழக்குமன்றம்
ஆகஸ்ட் 28

இந்த இழையைப் படிப்பவர்களுக்காகச் சட்டம் பற்றிச் சில வரிகள். சொந்தப் பட்டா நிலத்துக்குள் வேம்பு, வெள்வேல் கன்றை இடம் மாற்றுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ‘இட்டேரியில் நிறைய நிற்கிறது, எடுத்துக்கொள்ளலாம்’ என்று போகாதீர்கள். இட்டேரி என்பது காடுகளுக்கு நடுவே இருபுறமும் வேலியோடு போகும் தடம். அது பெரும்பாலும் புறம்போக்கு, ஊருக்குப் பொதுவானது. அதன் இருபுற வேலியும்தான் இன்று பல ஊர்களில் மிஞ்சியிருக்கும் ஒரே காடு. காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம், அது எவ்வளவு சின்னக் கன்றாக இருந்தாலும் சரி.

உங்கள் சொந்தக் காட்டில் பறவை போட்ட சந்தனக்கன்று இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2002 திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே. வெட்டவும் விற்கவும் மட்டும் வனத்துறை வழியாகப் போகவேண்டும்.


நாற்றங்கால்
ஆகஸ்ட் 28

சந்தனம் என்று சொன்னதால் ஒரு வார்த்தை. அதைத் தயவுசெய்து இடம் மாற்றாதீர்கள். சந்தன வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சாறு எடுத்துத்தான் வாழ்கிறது. பெயர்த்தால் அந்தப் பிடி அத்தனையும் அறுந்துபோகும். நின்ற இடத்திலேயே விட்டு, பக்கத்தில் துவரையோ அகத்தியோ போட்டு விடுங்கள்.


ஆலமரத்தடி
ஆகஸ்ட் 30

கிணற்றுச் சுவர் ஆலும் அரசும் பற்றி யாரும் சொல்லவில்லை. இவை இரண்டும் பெயர்ப்பதற்கு மிக இணக்கமானவை. காக்கையும் மைனாவும் பழம் தின்று எச்சம் போடும் இடம் சுவர், பனைமரத்து மட்டை இடுக்கு, கோபுரம். அங்கேயே விட்டால் சுவரையும் பிளக்கும், பனையையும் நெரிக்கும். அதனால் இவற்றை எடுப்பது எல்லாவிதத்திலும் நல்லது.

கிணற்றுச் சுவரில் தாய்மண் என்று ஒன்றும் வராது. கல் இடுக்கில் தட்டையாக, நாடா மாதிரி பரவியிருக்கும் வேர்தான். மழை நாளில், சுண்ணாம்புக் காரையை உளியால் மெல்ல உதிர்த்து, எவ்வளவு நீளம் முடியுமோ அவ்வளவு வேரை உரித்து எடுங்கள். பால் வடியும், பரவாயில்லை. இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, நுனிக்குருத்தை மட்டும் விட்டு, வேரை ஈரத்துணியில் சுற்றி உடனே மணல் கலந்த மண் உள்ள பெரிய சாக்கில் நட்டு, மரநிழலில் வையுங்கள். துளிர் வந்து இலை கெட்டியாகும்வரை அங்கேயே இருக்கட்டும். அதன்பின் நிலத்தில் நடலாம்.

ஆல் மட்டும் என்றால் இன்னொரு வழி, போத்து. கைக்கனத்தில் ஆறேழு அடிக் கிளையை வெட்டி, மேல் வெட்டுவாயில் சாணி அப்பி, மழைக்காலத்தில் இரண்டு அடி ஆழத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் துளிர்ப்பது இதில் பெரிய வசதி. உங்கள் கிளுவை, பூவரசு, ஒதியன், முருங்கை எல்லாம் இப்படிப் போத்திலேயே வருபவை. அரசு போத்தில் அவ்வளவு நம்பகம் இல்லை.


தூத்துக்குடித் தேரி
செப்டம்பர் 2

எனக்கும் ஒரு கேள்வி. எங்கள் செம்மணல் தேரிக்காட்டில் வரிசை தப்பி நிறையப் பனங்கன்று நிற்கிறது. இரண்டு மூன்று ஓலை விட்டவை. அவற்றை வேலியில் வரிசையாக மாற்றி வைக்கலாமா? வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய வேம்பும் இருக்கிறது, வீடு விரிக்க அதை ஜேசிபி வைத்து அப்படியே பெயர்த்து நடலாம் என்கிறார்கள்.


செம்மண்
செப்டம்பர் 2

பனையை மாற்ற முடியாது. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் கீழ்நோக்கிக் கிழங்கைத்தான் இறக்குகிறது. முதல் ஓலை மண்ணுக்கு மேலே வருவதற்குள் அடிப்பாகம் ஆழத்தில் போய் நின்றுவிடும். நீங்கள் பார்க்கும் இரண்டு ஓலைக்குக் கீழே உயிர்நிலை வெகு ஆழத்தில் இருக்கும், எப்படித் தோண்டினாலும் அறுந்துவிடும். புரட்டாசியில் கொட்டை பொறுக்கி வேலி ஓரம் நேராக ஊன்றுங்கள், அதுதான் பனைக்கு வழி. நிற்கிற கன்றுகளை அப்படியே விடுங்கள். பனை நம் மாநில மரம். 2021இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றே அறிவித்தார்கள்.

பெரிய வேம்பு பற்றி. முடியும், செய்கிறார்கள். ஆனால் கிளையெல்லாம் கழித்து, வேரில் பெரும்பகுதியை இழந்து, வெறும் தூணாகப் போய் நிற்கும். அது மறுபடி மரமாக ஆகும்வரை வருடக்கணக்கில் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வீட்டுக்கு வரைபடம் போடுகிறவரிடம் மரத்தை விட்டு அறையைத் தள்ளமுடியுமா என்று முதலில் கேளுங்கள். முன்வாசலில் வேம்பு நிற்கும் வீட்டின் நிழலுக்கு விலையே கிடையாது.


கிளுவைவேலி
செப்டம்பர் 3

இலை கழிப்பது பற்றி ஒரு விவாதம் இருக்கிறது. எல்லா இலையையும் உருவிவிட்டு நடவேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புது வேர் விடுவதற்கான சத்து இலையிலிருந்துதானே வரவேண்டும்? ஆலுக்கு அது பொருந்தும், தண்டிலேயே இருப்பு இருக்கிறது. பென்சில் கனத்து உசிலைக்கு என்ன இருப்பு இருக்கிறது?


நாற்றங்கால்
செப்டம்பர் 3

மண்ணுருண்டை உடையாமல் வந்து, மூட்டமும் மழையுமாக இருந்தால் இலையைத் தொடவே வேண்டாம். உருண்டை உடைந்துவிட்டால் வேர் குடிக்கும் தண்ணீரைவிட இலை விடும் தண்ணீர் அதிகமாகிவிடும். அப்போது கீழ் இலைகளில் பாதியை எடுத்துவிட்டு, நுனிக்குருத்தைக் காப்பாற்றுங்கள். வேப்பிலையை ஈர்க்கோடு பாதியாக நறுக்கிவிட்டாலே போதும்.

வேம்புக்கு இன்னொரு கடைசி வழியும் உண்டு. தேக்கில் நாற்றுக்குச்சி நடுகிறார்களே, அதே முறை. ஒரு வருடத்துக்கு மேலான, கட்டைவிரல் கனக் கன்றைப் பிடுங்கி, தண்டை இரண்டு விரல் அளவு மட்டும் விட்டு மேலே வெட்டி, ஆணிவேர் ஒரு சாண் இருக்கும்படி கீழே வெட்டி, பக்கவேர்களைக் கழித்து, கடப்பாரைத் துளையில் இறக்கி மண்ணை இறுக்குவது. தண்டு பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், ஆனால் வேரில் உள்ள சேமிப்பில் துளிர்க்கும். உழவுக்கு முன் எடுக்க நேரம் இல்லாத கன்றுகளை இப்படிக் காப்பாற்றலாம். உசிலை, வெள்வேலில் இதை முயற்சி செய்யாதீர்கள்.


மூலனூர்க்காடு
அக்டோபர் 29

எல்லோருக்கும் நன்றி. மழை இந்த மாதம் மூன்றாம் வாரத்தில் கிடைத்தது. மூட்டம் விடாத நாட்களில் வேலையை முடித்தோம். என் சித்தப்பா ஆடு மேய்ப்பவர், அவரும் கூட இருந்தார்.

ஆவணியில் பாதி வட்டம் வெட்டி வைத்த கன்றுகளுக்கும் வெட்டாதவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன். வெட்டி வைத்த வேம்பில், மண்வெட்டி அறுத்த வேர் முனையில் வெள்ளை வெளேரென்று நூல்நூலாக வேர். அந்த உருண்டையைச் சாக்கில் வைத்தபோது ஒரு பிடி மண்கூட உதிரவில்லை. வெட்டாமல் விட்டிருந்த ஒரு உசிலையை எடுத்தோம். மேலே ஒன்றரைச் சாண். கீழே என் முழங்கை வரை தோண்டியும் வேர் முனை வரவில்லை, சுக்கான் பிளவுக்குள் போயிருந்தது. மண்ணை மூடி, அங்கேயே விட்டுவிட்டோம். அந்த இடத்தில் மூன்று குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டேன், டிராக்டர் ஓட்டுபவர் ஒதுங்கிப் போக.

வேரில் வந்தவை நினைத்ததைவிட அதிகம். கிணற்று மேட்டுக்குத் தெற்கே வரிசையாக நின்ற வேப்பங்கன்றுகளின் அடிமண்ணை விலக்கினால், எல்லாம் ஒரே வேரின் மேல். எப்போதோ ஏர் கொழு கீறிய தழும்பு அந்த வேரில் அப்படியே இருக்கிறது. அவற்றை எடுக்கவில்லை.

வரப்பில் பதினைந்து அடிக்கு ஒன்றாக வேம்பும் வெப்பாலையும் நுணாவும் வைத்தோம். அரசு சாக்கில் இருக்கிறது. ஆலையும் போத்தாகக் கிணற்று மேட்டில் வைத்தாயிற்று.


செம்மண்
அக்டோபர் 29

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். வடக்கு வரப்பைத் தேர்ந்தெடுத்ததும் நல்லது, நம் பக்கம் வருடத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் உங்கள் பயிர்மேல் விழாது. ஆனால் அது பக்கத்துக் காட்டுக்காரர் மேல் விழும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டீர்களா? வரப்பிலிருந்து நாலடி உள்ளே தள்ளி வைத்திருந்தால் பிற்காலத்தில் சண்டை வராது. ஊன்றுகோலை மேற்குப் பக்கம் நடுங்கள், ஆனிக்காற்று அங்கிருந்துதான் வரும். இறுக்கிக் கட்டாமல் தளர்வாக, தண்டு கொஞ்சம் ஆட இடம் விட்டு. ஆடினால்தான் அடி தடிக்கும்.

முள் வைக்கும்போது சீமைக்கருவேல முள்ளைக் காய் இல்லாமல் பார்த்து வெட்டுங்கள். காயோடு போட்டால் வரப்பெல்லாம் அதுவே முளைக்கும்.


மூலனூர்க்காடு
ஜனவரி 11

ஒரு பிரச்சினை. மார்கழி முழுக்க நன்றாக இருந்த வேப்பங்கன்றுகளின் நுனி கருகுகிறது. கொழுந்து பழுப்பாகித் தலை தொங்குகிறது. வெப்பாலையும் நுணாவும் புதுத்துளிரோடு இருக்கின்றன. இடம் மாற்றியதால் வேம்பு மட்டும் போகிறதா? இரண்டு மூன்று கன்றை மயில் வேறு கிளறிப் போட்டுவிட்டது, அடியில் பரப்பிய தழை மூடாக்குக்குள் புழு தேடி.


நாற்றங்கால்
ஜனவரி 11

கிணற்று மேட்டுப் பெரிய வேம்பைப் பாருங்கள். அதிலும் நுனிகள் கருகியிருக்கிறதா?


மூலனூர்க்காடு
ஜனவரி 12

ஆமாம் அக்கா. காலையில் போய்ப் பார்த்தேன். மேலே எல்லாம் தீய்ந்தது போல இருக்கிறது. மூலனூர் சாலையில் நிற்கும் வேம்புகளும் அப்படித்தான்.


நாற்றங்கால்
ஜனவரி 12

அப்படியானால் உங்கள் நடவில் குறை இல்லை. தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியின் வேலை, கூடவே ஒரு பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. சில வருடங்களாகவே குளிர் மாதங்களில் தமிழ்நாடு முழுக்க வேம்புகள் இப்படித் தீய்ந்து, வெயில் ஏறியதும் மாசி பங்குனியில் மறுபடி துளிர்க்கின்றன. கன்றுக்கு நுனி போனாலும் கீழ்க் கணுவில் துளிர் வரும். நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கருகிய நுனியைப் பச்சை வரும் இடம் வரை வெட்டிக் கொளுத்திவிடுங்கள். விருப்பமிருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். தழைச்சத்து உரம் எதுவும் போடாதீர்கள், இளங்கொழுந்து கூடினால் பூச்சியும் கூடும்.

மயிலுக்கு, மூடாக்கின் மேல் முள்ளைப் பரப்பி வையுங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும்.


மூலனூர்க்காடு
ஏப்ரல் 6

அக்கா சொன்னபடியே பங்குனியில் வேம்பு துளிர்த்துவிட்டது. தண்டு அடியில் பச்சை இருந்தவை எல்லாம் வந்துவிட்டன. வரப்பில் வைத்ததில் முக்கால் பங்குக்கு மேல் நிற்கிறது. போனவற்றில் பெரும்பாலானவை உருண்டை உடைந்தவை, மிச்சம் முயல் பட்டை கடித்தவை. அரசு சாக்கிலேயே இடுப்பு உயரம். ஆல் போத்தில் தலைப்பில் சிவப்புத் துளிர்.

நடுக்காட்டில் விட்ட பழைய வேர் வெள்வேல்கள்தான் என்னை அசர வைத்தன. ஒற்றைத் தண்டாக்கி முள் வைத்தது மட்டும்தான், இப்போதே மார்பு உயரம். அப்பாவே அடுத்த உழவில் இன்னும் சிலவற்றை விடலாம் என்கிறார்.

இனி கோடை. வரப்புக் கன்றுகளுக்குத் தண்ணீர் எப்படி? கிணற்றில் நீர் கம்மி.


செம்மண்
ஏப்ரல் 6

தினமும் ஒரு செம்பு ஊற்றாதீர்கள். அது மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரை மேலேயே இழுத்து வைக்கும். பத்து பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை, மாலையில், ஒரு கன்றுக்கு இரண்டு குடம். ஒன்றரை அடி நீளத்துக்குப் பழைய பிவிசி குழாயை வெட்டி, பக்கத்தில் துளை போட்டு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நட்டு, உள்ளே பொடிக்கல் நிரப்பி அதன் வழியாக ஊற்றுங்கள். தண்ணீர் நேராக வேருக்குப் போகும், ஆவியாவது குறையும். இந்தக் கோடையும் அடுத்த கோடையும் பார்த்துக்கொண்டால் போதும், அதற்கப்புறம் உங்கள் தயவு அவற்றுக்கு வேண்டியதில்லை.


கிளுவைவேலி
ஏப்ரல் 7

அப்பா மனம் மாறியது பெரிய விஷயம் தம்பி. வரப்பில் போன இடங்களுக்கு மறுபடி கன்று பெயர்க்காமல் விதை போட்டுப் பாருங்கள். இந்தக் கோடையில் வெள்வேலங்காய் உதிரும். பட்டியில் காய் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்து விதை பொறுக்கி வையுங்கள். இல்லையென்றால் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஆறவிட்டு, ஒரு இரவு ஊறவைத்தாலும் சரி. புரட்டாசி மழைக்கு ஒரு குழிக்கு நாலு விதை. உசிலைக்கும் இதே முறைதான். வேப்பங்கொட்டை மட்டும் சேர்த்து வைக்கவே கூடாது, இரண்டு மூன்று வாரத்தில் முளைப்பு போய்விடும். ஆனி ஆடியில் பழம் விழ விழச் சதையைக் கழுவி உடனே ஊன்றவேண்டும்.

எங்கள் காட்டு வெள்வேலங்காய் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வைகாசியில் ஒரு சாக்கு அனுப்புகிறேன்.


மூலனூர்க்காடு
ஏப்ரல் 7

அனுப்புங்கள் அண்ணா. சித்தப்பா பட்டியில் முப்பது ஆடு இருக்கிறது, பாதிக் காயை அவற்றுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். மீதியை வெந்நீரில். எது நன்றாக முளைக்கிறது என்று ஐப்பசியில் இங்கேயே எழுதுகிறேன்.